ரத்தத்தில் கால்சியம் சரி, எலும்பில்?

கே: வயது 58. ரத்தத்தில் கால்சியம் 9.4 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எலும்பு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா டாக்டர்?

கூடாது. உடம்பிலுள்ள கால்சியத்தில் சுமார் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது வெறும் கொசுறு. ஆனால் அந்தக் கொசுறு குறைந்தால் இதயமும் தசையும் தடுமாறும். அதனால் கழுத்திலுள்ள சுரப்பி விடும் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பைக் கரைத்தாவது கணக்கை நேர்செய்துவிடும். எலும்பு காலியாகிக்கொண்டிருக்கும்போதும் உங்கள் ரிப்போர்ட்டில் 9.4தான் வரும்.

எலும்பின் அடர்த்தியைச் சொல்வது டெக்ஸா ஸ்கேன். இடுப்பையும் கீழ்முதுகையும் படமெடுப்பார்கள். ஊசி கிடையாது; கொஞ்ச நேரம் அசையாமல் படுத்தால் போதும். அதில் 'டி ஸ்கோர்' என்ற வரியைப் பாருங்கள்; ஆரோக்கியமான இளவயது எலும்போடு ஒப்பிட்ட கணக்கு அது. -1 வரை இயல்பு. -2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை, அதாவது எளிதில் முறியும் அளவுக்கு எலும்பு பலவீனமாவது. நடுவில் இருந்தால் எலும்பு மெலிவு. (மைனஸ் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். -3 வந்ததும் 'கூடியிருக்கிறது' என்று சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்!)

கே: அம்மாவுக்கு 71 வயது. வலி எதுவும் இல்லை. ஆனால் சமையலறை மேல்தட்டு இப்போதெல்லாம் எட்டவில்லை என்கிறார். வயதானால் இப்படித்தானா?

அப்படி விட்டுவிடாதீர்கள். குதிகால் சுவரில் ஒட்ட நிற்கவைத்து அளந்து பாருங்கள். இளவயது உயரத்தில் 4 செ.மீ. குறைந்திருந்தால், முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருக்கலாம். வலியே இல்லாமல், அல்லது 'முதுகுப் பிடிப்பு' என்ற பெயரில், இது நடந்து முடிந்திருக்கும். பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

கே: மாதவிடாய் நின்று 3 வருடமாகிறது. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். போதாதா?

நடையை விடாதீர்கள், இதயத்துக்கு நல்லது. எலும்புக்கு மட்டும் அதனால் கிடைப்பது கொஞ்சம்தான்; பழகிய சுமையை எலும்பு கண்டுகொள்வதில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்த இந்த முதல் சில வருடங்களில்தான் இழப்பு வேகமாக இருக்கும். வாரத்தில் 2, 3 நாள் எடைப்பயிற்சி செய்யுங்கள். ஆரம்பத்தில் யாராவது சொல்லித்தரட்டும். பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நின்று பழகுங்கள், பக்கத்தில் பிடிமானம் இருக்கட்டும். விழாமல் இருப்பதும் பாதி வைத்தியம்.

கே: எலும்புப்புரை ஆண்களுக்கும் வருமா?

வரும், சற்றுத் தாமதமாக. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ 3 மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் வயதைப் பார்க்க வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள்.

கே: எலும்புப்புரைக்காக வாரம் ஒரு முறை அலெண்ட்ரோனேட் மாத்திரை சாப்பிடுகிறேன். நெஞ்செரிச்சல் தாங்கவில்லை.

காபியோடு விழுங்கிவிட்டுத் திரும்பப் படுக்கிறீர்களோ? வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, எதையும் சாப்பிடவும் கூடாது. அப்படியும் எரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஊசியாகப் போடும் மருந்துகளும் இருக்கின்றன.