ஆளுக்கொரு அத்தியாயம்

வணக்கம் சார்,

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் துணைக்கண்ட வரலாறு டெல்லியையே சுற்றி வருகிறது. தெற்குக்குச் சோழர் என்று ஒரு அத்தியாயம், பழங்குடிகளுக்கு ஒரு பெட்டிச் செய்தி. கற்காலம் முதல் இன்றுவரை எல்லோரையும் சேர்த்து ஒரே வரலாறாக எழுத முடியாதா? ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு அத்தியாயம் ஒதுக்கினால் போதாதா?

எஸ்., பட்டாளம்

அன்புள்ள எஸ்.,

எழுதலாம். ஆனால் ஆளுக்கொரு அத்தியாயம் என்பது பந்தியில் இலை போட்ட மாதிரி. அவரவர் இலையில் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். ஒருவருக்கொருவர் என்ன செய்துகொண்டார்கள் என்பது வராது.

உங்கள் வீட்டுப் பக்கத்தையே எடுங்கள். 1918இல் பெரம்பூர் துணி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் என்று இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அப்புறம் 1921 வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. சம்பளம் நின்றால் தாக்குப்பிடிக்க வழியில்லாதவர்கள் அவர்களில் அதிகம். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. அதன் தலைவர்களே ஆதிதிராவிடர்களுக்கு அரசு சலுகை காட்டுகிறது என்று குறை சொன்னார்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா பிறகு அந்தக் கட்சியை விட்டே விலகினார்.

இதைத் தொழிலாளர் இயக்க அத்தியாயத்தில் வைத்தால் குடிசை இழந்தவர்கள் கருங்காலிகள். தலித் வரலாற்றில் வைத்தால் மாதக்கணக்கில் கூலியில்லாமல் கிடந்த சங்கத்துக்காரன் வெறும் தீவைப்பவன். இரண்டு பட்டினியையும் ஒரே பக்கத்தில் எழுதத்தான் ஆள் வேண்டும்.

நீண்ட காலம் என்பதற்கும் இதே கதைதான். எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலையாற்றுக்கு அருகில்தான் மேலே அதிரம்பாக்கம் இருக்கிறது. அங்கே கிடைத்த கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது. அந்தக் காலத்தை வம்சவாரியாகப் பிரிக்க முடியாது; ஆறு, மழை, கல் என்றுதான் பிரிக்க வேண்டும். ராஜாக்கள் வந்த பிறகும் அந்த அளவுகோலை ஏன் கீழே போட வேண்டும்? (தேர்வில் இப்படி எழுதிவைக்காதீர்கள், மார்க் வராது.)

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள், உள்ளே பெயரும் தேதியுமாகச் சமாதிகள். அதே கரையிலிருந்து துணியோடு மனிதர்களையும் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். டச்சுக்காரர் கணக்கில் அந்த மனிதர்கள் வருவது சரக்காகத்தான். 1640களில் பீஜப்பூர், கோல்கொண்டா படையெடுப்புகளோடு பஞ்சமும் சேர்ந்தபோது விற்கப்பட்டவர்கள் பெருகினார்கள். படையெடுப்பு ஓர் அத்தியாயம், பஞ்சம் இன்னொன்று, அடிமை வியாபாரத்துக்கு ‘ஐரோப்பியர் வருகை’யில் ஒரு வரி என்று பிரித்துப் போட்டால், அந்த ஆட்களைக் கப்பலுக்குத் துரத்தியது எது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.