சனிக்கிழமை நாலு மணிக்கு என்ன பாட்டு?

கேள்வி: ஓசூரில் ஒரு வங்கிக் கிளைக்கு மாற்றலாகி வந்து 5 மாதம் ஆகிறது. சொந்த ஊர் தூத்துக்குடி. ஒரு ராத்திரி முழுக்கப் பயணம் என்பதால் அடிக்கடி போக முடியவில்லை. இரண்டாவது சனி, நான்காவது சனி வந்தால் கிளையில் எல்லோருக்கும் கொண்டாட்டம், எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்குகிறது. சனி சாயங்காலம் நாலு மணிக்கு வானம் மூடி, தூறல் போட ஆரம்பித்தால் அவ்வளவுதான். போனில் பாட்டு போட்டால் அழுகை வருகிறது. தோழி சொன்னாளே என்று குத்துப் பாட்டு போட்டேன், எரிச்சல்தான் வந்தது. நீங்கள் பாட்டுப் பைத்தியம் என்று உங்கள் பதில்களைப் படிக்கும்போதே தெரிகிறது. இந்த இரண்டு நாளைத் தள்ள உங்களுக்குப் பிடித்த பாட்டுகளைச் சொல்லுங்களேன். (பெயர் வேண்டாம், ஓசூர்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு கேசட். 1984இல் நான் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்சனில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெஸ் கிடையாது. பக்கத்து அறைக்காரர்கள் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். பன்னும் வாழைப்பழமும் வாங்கி வைத்துக்கொண்டு, மழை வந்தால் ஒழுகும் மூலையில் ஒரு வாளியையும் வைத்துவிட்டு, இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டரில் அந்த ஒரே கேசட்டைப் போட்டுக் கேட்பேன். ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய 90 நிமிஷ கேசட். பக்கத்துக்கு 45 நிமிஷம், சுமார் 10 பாட்டு.

அந்தக் கேசட்டில் எனக்கு உதவியது பாட்டுகள் மட்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. 45 நிமிஷம் ஆனதும் ‘டக்’கென்று நின்றுவிடும். எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். எழுந்ததோடு எழுந்து விளக்கைப் போடுவோம், வாளித் தண்ணீரைக் கொட்டுவோம், கீழே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வருவோம். உங்கள் போனில் பாட்டு நிற்பதே இல்லை. நீங்கள் ஒரு சோகப் பாட்டைத் தொட்டால், அதுவாகவே அதைவிடச் சோகமான பத்துப் பாட்டைத் தேடி வரிசையில் நிறுத்துகிறது. நாலு மணிக்குப் படுத்தவர் ஏழு மணிக்கு இருட்டில் எழுந்தால் அழுகை வராமல் என்ன வரும்?

அதனால் முதல் வேலை, தானாகப் பாட்டு தொடரும் அந்த வசதியை அணைத்து விடுங்கள். பத்துப் பாட்டு, அதற்குமேல் வேண்டாம். இயர்போனும் வேண்டாம். சத்தமாகவே போடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

குத்துப் பாட்டு எரிச்சலாக இருந்ததில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. இசையால் சிகிச்சை தருகிறவர்கள் இதை 1940களிலேயே கவனித்து ‘ஐசோ’ கொள்கை என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆள் எந்த மனநிலையில் இருக்கிறாரோ அதே நிலையில் உள்ள இசையில் ஆரம்பித்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். துக்க வீட்டுக்குப் போனால் வாசலிலேயே ஜோக் சொல்வோமா? முதலில் பக்கத்தில் உட்காருகிறோம். அவ்வளவுதான் விஷயம்.

பக்கத்தில் உட்காரும் பாட்டு என்றால் என் கணக்கில் ‘மயக்கமா கலக்கமா’. 1962இல் வந்த ‘சுமைதாங்கி’, பி.பி. ஸ்ரீனிவாஸ் குரல், கண்ணதாசன் எழுத்து, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. சினிமாவில் வாய்ப்புக் கிடைக்காமல் நொந்துபோய் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று இருந்த வாலி, பி.பி. ஸ்ரீனிவாஸ் இந்தப் பாட்டைப் பாடிக் காட்டக் கேட்டுத்தான் சென்னையிலேயே தங்கினார் என்பது அவரே பலமுறை சொன்ன கதை. நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்து ஆறுதல் அடை என்று அதில் வரும் யோசனை எனக்கு என்றைக்கும் அவ்வளவாக ஒட்டியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தவன் கஷ்டம் எப்படி என் மருந்தாகும்? ஆனால் அந்தக் குரல் யாரையும் அதட்டுவதில்லை, அழாதே என்று முதுகில் தட்டுவதும் இல்லை. வாலியைப் பிடித்து நிறுத்தியது வரியா குரலா என்று கேட்டால் என் ஓட்டு குரலுக்குத்தான்.

அதற்கு அடுத்ததாக ‘தென்றல் வந்து தீண்டும்போது’ வையுங்கள். நாசர் இயக்கிய ‘அவதாரம்’, 1995. இளையராஜாவும் ஜானகியும் பாடியது. கண் தெரியாத ஒரு பெண்ணுக்கு வண்ணம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும், அதுதான் பாட்டின் சூழ்நிலை. பார்த்தே இராத ஒருத்திக்குப் பச்சையை எப்படிச் சொல்வீர்கள்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், தலை சுற்றும். தொட்டு உணர்வதையும் மனதில் தோன்றுவதையும் வைத்தே சொல்லி முடித்திருக்கிறார் பாட்டெழுதியவர். எழுதியவர் யார் தெரியுமா? அன்றைக்கு ஊருக்குக் கிளம்ப இருந்த அதே வாலி. இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, நடுவில் உள்ள 33 வருஷமும் எனக்குக் கேட்கும்.

இந்த இரண்டுக்கும் அழுகை வந்தால் வரட்டும். ஆனால் படுத்துக்கொண்டு கேட்காதீர்கள். கால் கிலோ சின்ன வெங்காயம் வாங்கி வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து உரியுங்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் ஏன் என்று யாரும் கேட்கப் போவதில்லை, கேட்டாலும் காரணம் கையிலேயே இருக்கிறது. பூண்டையும் சேர்த்துப் போட்டு வத்தக் குழம்பு வைத்துவிட்டால் ஞாயிறு மத்தியானம் வரை கவலை இல்லை. அடுத்த நாள் அது இன்னும் ருசியாகவும் இருக்கும்.

ஒன்றை மட்டும் இந்தச் சமயத்தில் தவிர்த்து விடுங்கள், காதலர்கள் மாறி மாறிப் பாடும் டூயட். பிடித்த பாட்டாகவே இருந்தாலும், தனியாக இருக்கும் சனிக்கிழமை அது வேறு மாதிரி ஒலிக்கும். எனக்கு மிகவும் பிடித்த ‘தூங்காத விழிகள் ரெண்டு’ பாட்டை அதனால்தான் சொல்லாமல் விடுகிறேன். போதாக்குறைக்கு அது அமிர்தவர்ஷிணி ராகம். மழையை வரவழைக்கும் ராகம் என்பார்கள். உங்கள் ஊரில் ஏற்கெனவே தூறிக்கொண்டிருக்கிறது.

ஞாயிறு காலைக்கு ‘புத்தம் புது காலை’. ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்துக்காக ஜானகி பாடியது, 1981. இசைத்தட்டில் உண்டு, படத்தில் கிடையாது. எனக்கு இந்தப் பாட்டின் மேல் தனிப் பிரியம் வந்ததற்குக் காரணமே அதுதான். கேட்கும்போது கண் முன்னால் எந்தக் கதாநாயகனும் கதாநாயகியும் வந்து நிற்பதில்லை. உங்கள் ஜன்னல், உங்கள் காபி டம்ளர், எதிர்வீட்டு மாடியில் நனைகிற துணி, இவைதான் அதற்குக் காட்சி.

அப்புறம் தூறல் விட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புங்கள். அதற்கென்றே ஒரு பாட்டு இருக்கிறது, ‘பருவமே புதிய பாடல் பாடு’. மகேந்திரனின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ படத்தில் மோகனும் சுஹாசினியும் அதிகாலையில் ஓடுவார்களே, அதுதான். டூயட் வேண்டாம் என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்று கேட்காதீர்கள். இதில் பாதிக் கவனம் அந்தக் காலடிச் சத்தத்துக்கே போய்விடும். தொடையில் கையால் தட்டியே அந்தச் சத்தத்தை உண்டாக்கினார்கள் என்று சொல்வார்கள். வீட்டில் தட்டிப் பாருங்கள், வரும். ஒரு நிமிஷத்துக்குள் கை வலிக்கும், அதுவும் நல்லதுதான்.

ஞாயிறு சாயங்காலத்துக்கு என் கேசட்டில் தவறிப்போய் வந்து சேர்ந்த பாட்டு. நான் எழுதிக் கொடுத்தது ‘இளைய நிலா’. கடைக்காரர் பதிந்து தந்தது ‘வான் நிலா நிலா அல்ல’. நிலா என்று இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்போல. முதலில் வந்த கோபத்தில் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், கடை பூட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் கேட்டுக் கேட்டு, அதுவே பிடித்துப்போனது. 1977இல் வந்த ‘பட்டினப்பிரவேசம்’, எம்.எஸ்.வி. இசையில் எஸ்.பி.பி. பாடியது. கண்ணதாசன் வரிக்கு வரி ‘லா’ என்று முடித்திருப்பார். ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு எத்தனை ‘லா’ என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வரும், ஏனென்றால் பாதியில் கூடவே பாட ஆரம்பித்துவிடுவேன். திங்கட்கிழமைக்கான புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்கலாம்.

நடுவில் ஒரு கண்டிப்பான பேச்சு. இந்த அழுகை சனி, ஞாயிறோடு நிற்கிறதா என்று பாருங்கள். வார நாட்களிலும் தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரம் தொடர்ந்தால் பாட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது.

எண்ணிப் பார்த்தால் ஐந்து பாட்டுதான் சொல்லியிருக்கிறேன். இன்னும் நாலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், பள்ளிக்கூட வயதில் பிடித்ததாக இருந்தால் இன்னும் நல்லது. பத்தாவதுக்கு இடம் விட்டு வையுங்கள். தூத்துக்குடிக்காரர் என்கிறீர்கள், அப்படியென்றால் உங்கள் அம்மா இலங்கை வானொலி கேட்டு வளர்ந்திருக்க வேண்டும். சென்னையில் நாங்கள் கரகரப்பில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டபோது, உங்கள் கடற்கரை ஊர்களில் அது பக்கத்து வீட்டு ரேடியோபோலக் கேட்கும் என்று சொல்லிச் சொல்லி என் அறைத் தோழன் வெறுப்பேற்றுவான். இந்த நாலாவது சனிக்கிழமை நாலு மணிக்கு அம்மாவுக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் ஆனதும், அந்தக் காலத்தில் ரேடியோவில் எந்தப் பாட்டுக்காகக் காத்திருப்பாய் என்று கேளுங்கள். வெறும் பெயர் சொன்னால் விடாதீர்கள், பல்லவியையாவது பாடச் சொல்லுங்கள். என்ன பாட்டு என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.