பிள்ளையின் ஆங்கிலம் எந்த இடத்தில் தடுமாறுகிறது?

வணக்கம் அம்மா. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கும் மகளை, கடன் வாங்கியாவது ஹட்டனில் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குக் கடன் வேண்டாம். பிள்ளை எழுதி அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். சொற்கள் நிறையவே தெரிகிறது. கேள்வி கேட்கும்போதும் ‘இல்லை’ என்று மறுக்கும்போதும்தான் வாக்கியம் உடைகிறது. முதன்மை வினை (முக்கியப் பொருளைச் சொல்வது) எது, துணை வினை (அதற்கு உதவியாக வருவது) எது என்பது இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

நேர்முகப் பரீட்சையில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி: “வாட் டஸ் யுவர் மதர் டூ?” இதில் ‘டஸ்’ துணை வினை. வாக்கியத்தைக் கேள்வியாக்குவதும் காலத்தைக் காட்டுவதும் அதன் பொறுப்பு. கடைசியில் வரும் ‘டூ’தான் முதன்மை வினை. “ஷி ப்ளக்ஸ் டீ” என்று பிள்ளை தலைநிமிர்ந்து பதில் சொல்லலாம். இங்கே துணை வினை இல்லாததால் ‘எஸ்’ முதன்மை வினையிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதையே மறுத்துச் சொன்னால் “ஷி டஸ் நாட் ப்ளக் டீ”. ‘எஸ்’ துணை வினைக்குப் போய்விட்டது, ‘ப்ளக்’ வெறுமனே நிற்கிறது. பிள்ளை “டிட் நாட் வென்ட்” என்று எழுதியிருப்பதும் இதே கோளாறுதான். இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சொல்லிவிட்டது, அப்புறம் ‘கோ’ போதும்.

‘ஹேவ்’ என்பதும் இரண்டு வேலையும் பார்க்கும். “ஐ ஹேவ் எ பிரதர்” என்றால் முதன்மை வினை. “ஐ ஹேவ் ஃபினிஷ்ட் மை எக்ஸாம்” என்றால் துணை வினை. கேன், வில், மஸ்ட் எல்லாம் பிள்ளைக்குச் சரியாகவே வருகின்றன.

பின்னேரம் நீங்கள் மலையிலிருந்து வந்ததும் தமிழிலேயே கேள்வி கேளுங்கள்: “தம்பி ஸ்கூலுக்குப் போனானா?”, “பஸ் வரலையா?” பிள்ளை அதை ஆங்கிலத்தில் கேள்வியாகவும் பதிலாகவும் மறுப்பாகவும் கொப்பியில் எழுதட்டும். இதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இஸட் புள்ளிக்குச் சேராது என்பதால் பல பிள்ளைகள் அதைக் கைவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். நுவரெலியா ஹோட்டல் வரவேற்பு மேசையோ, ஆங்கில உயர் தேசிய டிப்ளோமாவோ, எந்தப் பக்கம் போனாலும் முதலில் பார்ப்பது இந்த ஆங்கிலத்தைத்தான்.

ஒரு மாதம் எழுதட்டும். அந்தக் கொப்பியை அனுப்புங்கள், வகுப்பு தேவையா என்று பார்த்துச் சொல்கிறேன்.