மூன்றரை மாதப் பிள்ளை சாமம் சாமமாக எழும்புகிறாள்

கேள்வி: முத்தையன்கட்டுப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். முதல் பிள்ளை, மகள், மூன்றரை மாதம். தாய்ப்பால் மட்டும்தான். இரண்டு மாதத்தில் இரவில் நாலு மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை கொண்டவள், இப்போது ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பி அழுகிறாள். பால் போதாது, இரவில் பால்மா கரைத்துக் கொடு என்று மாமி சொல்கிறா. பக்கத்து வீட்டில் பிரிட்டன் (Piriton) என்ற மருந்துப் பாணி கொஞ்சம் கொடுக்கச் சொன்னார்கள். சிறுபோக வயலில் யானைக் காவல் முறை வரும் இரவுகளில் கணவர் வீட்டில் இல்லை. எனக்கு அம்மா இல்லை, 2009 இல் இறந்துவிட்டா. சில இரவுகளில் பிள்ளையோடு சேர்ந்து நானும் அழுகிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பாணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது இன்றிரவே நடந்துவிடக்கூடிய காரியம். பிரிட்டன் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மருந்து. நித்திரை வருவது அதன் பக்கவிளைவு. இந்த வயதுப் பிள்ளைக்கு அது மூச்சையே மந்தமாக்கிவிடக்கூடும். ஒரு சொட்டும் வேண்டாம். கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவவும் கூடாது.

சரி, பால். மாமி அன்பினால்தான் சொல்கிறா, ஆனால் எழும்புவதை வைத்துப் பாலை அளக்க முடியாது. நிறையை வைத்து அளக்கலாம், நனைந்த துணியை வைத்து அளக்கலாம். 24 மணித்தியாலத்தில் ஆறு துணியாவது நன்றாக நனைந்து, கிளினிக் பதிவேட்டில் நிறைக்கோடு மேலே ஏறிக்கொண்டு போனால், உங்கள் பால் போதும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாக ஊறும். இரவுப் பாலை நிறுத்திப் பால்மா கொடுக்கத் தொடங்கினால், இருக்கிற பாலும் குறையும். பால்மா குடித்தால் விடிய விடியப் படுப்பாள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

பிறகு ஏன் எழும்புகிறாள்? பிறந்த புதிதில் பிள்ளைக்கு இரவு பகல் தெரியாது. மூன்று நாலு மாதமளவில்தான் ஆழ்ந்த நித்திரை, மேலோட்டமான நித்திரை என்று பெரியவர்களைப் போலச் சுற்றுச் சுற்றாக வரத் தொடங்கும். நமக்கு ஒரு சுற்று 90 நிமிடமளவில். பிள்ளைக்கு அது 50 நிமிடமளவில் முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லோரும் கொஞ்சம் விழிக்கிறோம். நாங்கள் புரண்டு படுத்துவிடுவோம், காலையில் ஞாபகமும் இருக்காது. அவளுக்கு அது இன்னும் பிடிபடவில்லை. இது வளர்ச்சி, நோய் அல்ல.

இன்றிரவு ஒன்று செய்து பாருங்கள். அவள் முனகியதும் தூக்கிவிடாதீர்கள். நுளம்பு வலைக்குள் குனிந்து முகத்தைப் பாருங்கள். மூடிய இமைக்குள் கண் உருளும், உதடு கோணும், ஒரு கால் வெட்டி இழுக்கும், ஒரு சின்ன அழுகைகூட வரும். ஆனால் அவள் எழும்பவில்லை, மேலோட்டமான நித்திரையில் இருக்கிறாள். கையை வயிற்றில் மெல்ல வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். பல தரம் தானே அடங்கிவிடும். இதைக் காத்திராமல் தூக்கி, நாமே பிள்ளையை எழுப்பிவிடுகிற வீடுகள் நிறைய. உண்மையாகவே எழும்பி அழுதால் பால் கொடுங்கள். இருட்டிலேயே கொடுங்கள், போன் வெளிச்சமும் பேச்சும் வேண்டாம். இன்னொன்று, இந்த வயதில் பிள்ளை பகலில் பால் குடிக்கும்போது ஆடு, கோழி, வருகிற ஆள் என்று எல்லாவற்றையும் திரும்பித் திரும்பிப் பார்க்கும். பாதி வயிற்றோடு விட்டுவிட்டு இரவில் அதை ஈடுகட்டும். பகலில் இரண்டு மூன்று தரமாவது அமைதியான அறையில் வைத்துக் கொடுங்கள்.

படுக்கை விஷயம். இரவில் ஏணை வேண்டாம். சேலை வளைவில் கழுத்து மடிந்து, நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுப் பாதை அடைபடும். பகலில், கண்பார்வையில் என்றால் சரி. இரவில் உங்கள் பக்கத்தில் தனிச் சிறு பாயில், மட்டமாக, மல்லாக்க. தலையணையும் தடித்த போர்வையும் வேண்டாம். சோளகக் காற்று அடிக்கும் இந்த வெக்கையில் தொப்பி, காலுறை எதற்கு? பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வேர்த்திருந்தால் உடுப்பு கூடிவிட்டது.

இனி உங்களைப் பற்றி. அம்மா இல்லை என்பதை நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியில்தான் அதிக நேரம் நின்றேன். அம்மம்மா வந்து நின்று தூக்கிக்கொள்ளும் வீட்டிலேயே முதல் ஆறு மாதம் கடினம். வன்னியில் உங்கள் வயதுத் தாய்மார் எத்தனையோ பேர் அந்தக் கை இல்லாமல்தான் பிள்ளை வளர்க்கிறார்கள். நீங்கள் களைத்துப் போயிருப்பது உங்கள் குறையல்ல.

யானைக் காவலுக்கு எல்லா இரவும் ஒரே ஆள் போவதில்லை, முறை வைத்துத்தானே போகிறார்கள். வீட்டுக்குள்ளும் முறை வையுங்கள். பால் மட்டும்தான் உங்கள் வேலை. ஏவறை எடுப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டுத் தட்டுவது எல்லாவற்றையும் மற்றவர்கள் செய்யலாம். மாலை 7 மணிக்குப் பால் கொடுத்ததும் பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு உடனே படுங்கள். பாத்திரம் கிடக்கட்டும். காவல் முடிந்து விடியற்காலையில் வருபவர், தான் படுக்கமுன் ஒரு மணித்தியாலம் மகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் உலாவட்டும். அந்தக் காலை வெளிச்சம் அவளுக்கு இரவு பகலைக் கற்றுக்கொடுக்கும், நீங்கள் அந்த நேரம் தொடர்ந்து படுக்கலாம்.

தாங்க முடியாமல் போகும் நேரம் வந்தால், பிள்ளையைப் பாயில் மல்லாக்க வளர்த்திவிட்டு விறாந்தைக்குப் போய் ஐந்து நிமிடம் இருங்கள், மாமியை எழுப்புங்கள். அது பாவமில்லை. ஆனால் எந்தக் கோபத்திலும் பிள்ளையைக் குலுக்கக்கூடாது, மூளைக்குள் இரத்தம் கசியும். பிள்ளை படுத்த பிறகும் உங்களுக்கு நித்திரை வராவிட்டால், இரண்டு கிழமைக்கு மேல் மனம் இருண்டே கிடந்தால், குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்தும் உண்டு. உங்களுக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடுவேனோ என்ற நினைப்பு ஒரு தரம் வந்தாலும் காத்திருக்க வேண்டாம். உடனே வீட்டில் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டினால், பால் குடிக்க மறுத்தால், மூச்சு வாங்கினால், எழுப்பியும் சோர்ந்து கிடந்தால் அது வேறு கதை, அன்றே ஆஸ்பத்திரி. வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ். தடுப்பூசி போட்ட இரவில் வரும் சின்னக் காய்ச்சலுக்குப் பனடோல் அளவைக் கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள்.

4 ஆம் மாதத் தடுப்பூசிக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது. அன்றைக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். தராசில் பிள்ளையை வைக்கும்போது அவவும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.