தண்ணீருக்குள் ஒரு கைலென்ஸ்

அன்புள்ள சார்,

நாகர்கோவிலில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயது 59. போன வருடம் மகன் விடாமல் வற்புறுத்தியதால் புதுச்சேரியில் ஸ்கூபா முக்குளிப்பு கற்றுச் சான்றிதழும் வாங்கினேன். இந்த ஜனவரியில் அந்தமான் ஹேவ்லாக் போயிருந்தோம். 12 மீட்டர் ஆழத்தில் வழிகாட்டித் தம்பி ஒரு கடல் விசிறியை (விசிறி மாதிரி விரிந்து வளரும் பவள வகை) சுட்டி, தன் சுண்டுவிரல் நகத்தைத் தொட்டு ‘இவ்வளவுதான்’ என்று சைகை செய்தார். மற்றவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். எனக்கு விசிறி மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள், முப்பது வருடம் வகுப்பில் வைத்திருந்த பத்து மடங்கு கைலென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். தண்ணீருக்குள் அது வெறும் ஜன்னல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மேலே வந்து துடைத்துப் பார்த்தால் பழையபடி வேலை செய்கிறது! இந்தோனேசியாவின் லெம்பே கடல் பற்றி எழுதியபோது லென்ஸ் வழியாகப் பார்த்ததாகச் சொல்லியிருந்தீர்களே, அது எந்த லென்ஸ்? என் வயதுக்கு இதெல்லாம் சரிப்படுமா, இல்லை பேசாமல் பெரிய மீன்களைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?

அன்புடன்,
ஜெ., நாகர்கோவில்

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் லென்ஸில் ஒரு குறையும் இல்லை. அதைச் சுற்றியிருந்த காற்று போய்விட்டது, அவ்வளவுதான்.

ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது நன்றாக வளைகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, கண்ணாடியுடையது ஏறத்தாழ 1.5. இடைவெளி பெரிது. தண்ணீருக்கு 1.33. அதிலிருந்து கண்ணாடிக்குள் போகும் ஒளிக்குப் பெரிய மாற்றம் எதுவும் தெரிவதில்லை, லேசாகத் திரும்பிவிட்டுப் போய்விடுகிறது. கணக்குப் போட்டால் லென்ஸின் குவியத்தூரம் நான்கு மடங்காகிவிடுகிறது. உங்கள் பத்து மடங்கு லென்ஸுக்குக் காற்றில் குவியத்தூரம் 2.5 சென்டிமீட்டர். தண்ணீரில் அது 10 சென்டிமீட்டர். ஆக, பத்து மடங்கு இரண்டரை மடங்காகிவிட்டது. அதையும் கண்ணுக்கு ஒட்டி வைத்துப் பார்க்க முடியாது, நடுவில் மாஸ்க் இருக்கிறது.

மீன் குழம்பு வைக்கும்போது மீனின் கண்ணிலிருந்து ஒரு வெள்ளை மணி உருண்டு விழுமே, அதுதான் மீனின் லென்ஸ். பச்சை மீனில் அது பளிங்கு மாதிரி இருக்கும், வெந்ததும் முத்து மாதிரி வெளுத்துவிடும். ஏன் அப்படி முழு உருண்டையாக இருக்கிறது? நம் கண்ணில் ஒளியை வளைக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை முன்பக்கத்து விழிவெண்படலமே (கார்னியா) செய்துவிடுகிறது, அதற்கு முன்னால் காற்று இருப்பதால். உள்ளே இருக்கும் லென்ஸ் தட்டையாக இருந்தால் போதும். மீனுக்கு அந்த வசதி இல்லை. எல்லா வேலையையும் லென்ஸே செய்ய வேண்டும் என்பதால் அது கோலிக்குண்டு போல உருண்டு, மையத்தை நோக்கி அடர்ந்துகொண்டே போகிறது. மாஸ்க் இல்லாமல் நாம் கடலுக்குள் கண் திறந்தால் எல்லாம் மங்குவதற்கும், உங்கள் கைலென்ஸ் ஓய்ந்துபோனதற்கும் காரணம் ஒன்றேதான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, உங்களுக்குப் பிடிக்கும். அந்தமான் கடலின் கிழக்குக் கரையில், தாய்லாந்துத் தீவுகளில் மோக்கென் என்றொரு கடலோடி இனத்தவர் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மாஸ்க் இல்லாமல் முக்குளித்துச் சிப்பியும் கடல் அட்டையும் பொறுக்குகிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு நுணுக்கமாகத் தண்ணீருக்குள் பார்க்கிறார்கள் என்று 2003-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். கண்மணியை ஊசித்துளை மாதிரி சுருக்கிக்கொண்டு, லென்ஸையும் முடிந்த மட்டும் குவித்துக்கொள்கிறார்களாம்.

சரி, நம் வயதுக்கு வருவோம். எனக்கும் ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. வெள்ளெழுத்து வந்தவர்களுக்குத் தண்ணீருக்குள் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் 40 சென்டிமீட்டரில் இருப்பது 30-இல் இருப்பது போலக் கண்ணை அடைகிறது. அதாவது உங்கள் கண் இன்னும் கிட்டத்தில் குவிய வேண்டியிருக்கிறது. 59 வயதில் அது முடியாது. அந்தத் தம்பி காட்டியது உங்களுக்குத் தெரியாமல் போனதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் முதலில் வாங்க வேண்டியது கைலென்ஸ் அல்ல. மாஸ்க்கின் உட்பக்கத்தில், கீழ்ப்பாதியில் ஒட்டிக்கொள்ளும் பிறை வடிவ வாசிப்பு லென்ஸ் கிடைக்கிறது. சொட்டுத் தண்ணீர் தடவி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் புத்தகம் படிக்கும் கண்ணாடியின் பவரிலேயே வாங்குங்கள். அது மாஸ்க்குக்குள் காற்றில் இருப்பதால் பவர் குறையாது. காற்று எவ்வளவு மிச்சம் என்று கேஜைப் பார்க்கவும் அதுவே உதவும். பாதுகாப்புக்காகவே அதை வாங்கச் சொல்வேன்.

லெம்பேயில் நான் வைத்திருந்தது வேறு. நீருக்கடியில் கேமராவின் முன்னால் மாட்டுகிற நெருக்கப்பட லென்ஸ் அது. வளைந்த பக்கங்கள் உள்ளே ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க, நடுவில் காற்றை அடைத்துச் சீல் வைத்திருப்பார்கள். வெளிப்பக்கம் தட்டை. வளைவுகள் காற்றையே தொட்டுக்கொண்டிருப்பதால் கடலுக்குள்ளும் பவர் அப்படியே இருக்கும். அதைக் கேமரா இல்லாமல், கயிறு கட்டிக் கையில் பிடித்துப் பார்க்கலாம். விலை அதிகம். வீட்டிலேயே ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் லென்ஸை ஒட்டி எடுத்துப் போகலாமே என்று தோன்றும். 10 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஒரு கிலோ கூடுதலாக அழுத்துகிறது. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் டப்பாவின் ஒரு பக்கத்தில் மட்டும் நூறு கிலோ. வேண்டாம்.

இப்போது லெம்பே. இந்தோனேசியாவில் வடக்கு சுலவேசிக்கும் லெம்பே தீவுக்கும் நடுவில் ஓடும் குறுகிய நீரிணை அது. அடியில் எரிமலைக் கருமணல். முதல் பார்வைக்குக் குப்பைமேடு மாதிரிதான் இருக்கும், ஆனால் சின்ன உயிர்களைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் அங்கே வருகிறார்கள். 24 மீட்டரில் ஒரு கடல் விசிறி. அங்கேதான் குள்ளக் கடல் குதிரையைப் பார்த்தேன். இந்த இனம் உலகத்துக்குத் தெரிந்ததே தற்செயலாக. 1969-இல் நியூ கலிடோனியாவில் பார்ஜிபான் என்பவர் நூமியா மீன்காட்சியகத்துக்காக ஒரு கடல் விசிறியை எடுத்து வந்து ஆராய்ந்தபோதுதான் அதில் ஒரு ஜோடி ஒட்டிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. அவர் பெயரையே இனத்துக்கு வைத்தார்கள். முழுசாக வளர்ந்ததே இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான்.

வெறும் கண்ணுக்கு அது விசிறியின் ஒரு முடிச்சு. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து லென்ஸைக் கொண்டுபோனேன். அந்த ஆழத்தில் சிவப்பு நிறம் செத்துப்போயிருக்கும், சாம்பலாகத் தெரிந்த விசிறி வெளிச்சம் பட்டதும் இளஞ்சிவப்பாக எழுந்தது. முடிச்சுகளில் ஒன்றுக்குக் கண் இருந்தது. சிறு வரிகள் ஓடிய கண், என்னைப் பார்க்காமல் வேறெங்கோ உருண்டது. உடம்பு முழுக்க விசிறியின் மூடிய பாலிப்புகளை (பவளத்தின் சின்னஞ்சிறு உயிர்கள்) போலவே பருக்கள், அதே நிறம், அதே அளவு. மூக்கு குட்டையாக, மொட்டு மாதிரி. வால் கிளையை ஒன்றரைச் சுற்று சுற்றியிருந்தது. ஒரு நீரோட்டம் வந்து விசிறி ஆடியபோது அதுவும் சேர்ந்து ஆடியது. பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது.

குட்டிகள் பிறக்கும்போது இந்த நிறம் கிடையாது. மீன்காட்சியகத்தில் வளர்த்துப் பார்த்தபோது, பெற்றோரின் நிறம் என்னவாக இருந்தாலும், தான் போய் ஒட்டிக்கொண்ட விசிறியின் நிறத்தையே குட்டி எடுத்துக்கொண்டது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது ஆறவில்லை.

அன்று ஒரு தவறும் செய்தேன். லென்ஸிலேயே மூழ்கியிருந்ததில் உடம்பை மறந்துவிட்டேன். என் காலில் மாட்டியிருந்த ஃபின் (துடுப்பு) பின்னால் இருந்த இன்னொரு விசிறியில் உரசியது. ஒரு கிளை ஒடிந்தது. அந்த அளவு வளர அதற்குப் பல வருடங்கள் ஆகியிருக்கும். இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது. அதனால்தான் சொல்கிறேன்: முதலில் மிதப்பைக் கட்டுப்படுத்துவது, அப்புறம்தான் லென்ஸ். சில மில்லிமீட்டர் முன்னே பின்னே நகர்ந்தாலே லென்ஸ் வழியாகத் தெரிவது மங்கிவிடும். மூச்சை இழுத்தால் உடம்பு எழும், விட்டால் இறங்கும், உருவம் ஒவ்வொரு மூச்சிலும் வந்து வந்து போகும். அதற்காக மூச்சை மட்டும் பிடித்து நிறுத்திவிடாதீர்கள். ஸ்கூபாவில் அது உயிருக்கே ஆபத்து என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உயிர் எதுவும் இல்லாத மணல் திட்டாகப் பார்த்து, அதில் ஒரு குச்சியை ஊன்றி, அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, சீராக மூச்சு விடுங்கள். கால்கள் எப்போதும் உங்களைவிட மேலே இருக்கட்டும்.

இன்னொன்று. சில வழிகாட்டிகள் படம் எடுப்பவர்களுக்காக உயிரைக் குச்சியால் தட்டித் திருப்பிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம் என்று சைகை காட்டுங்கள். கேமரா ஒளி விழுவதைவிட, தொட்டு நகர்த்துவதுதான் இந்தச் சின்ன மீன்களை அதிகம் பாதிக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கடல் குதிரை முதுகைக் காட்டினால் முதுகைப் பாருங்கள். நேரமிருந்தால் அதுவே திரும்பும்.

உங்கள் சான்றிதழ் 18 மீட்டர் வரைதான் என்றால் குள்ளக் கடல் குதிரையை இப்போதைக்குத் துரத்த வேண்டாம். அது பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும், 24 மீட்டரில் ஒரு முறைக்குக் கிடைப்பதும் அரை மணிக்குக் குறைவான நேரம். எட்டு மீட்டரில் ஒரே ஒரு பவளத்தின் முன்னால் நில்லுங்கள். பாலிப் விரிவதை முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்திருப்பீர்கள், அது உங்கள் கண் முன்னால் விரியும்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யலாம், காசு செலவில்லாமல். உங்களுக்கு முட்டம் பக்கம்தானே. அடிப்பக்கம் தட்டையான, கீறல் இல்லாத ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அமாவாசையோ பௌர்ணமியோ ஒட்டி, கடல் வற்றும் நேரத்தில் போங்கள். பாறைக் குட்டையில் பாத்திரத்தின் அடி இரண்டு விரற்கடை மூழ்கும்படி பிடித்து, உள்ளே குனிந்து அதே பழைய கைலென்ஸால் பாருங்கள். லென்ஸுக்கு இரண்டு பக்கமும் காற்று இருப்பதால் பத்து மடங்கும் கிடைக்கும், ஆனால் உயிர் கண்ணாடிக்கு ஒட்டியே இருக்க வேண்டும். பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசு (பார்னக்கிள்) போதும். டார்வின் எட்டு வருடம் உட்கார்ந்து ஆராய்ந்த உயிர் அது. தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, காலால் இரை அள்ளுவது. தண்ணீர் அடங்கியதும் உச்சியில் இருக்கும் கதவு திறந்து, ஆறு ஜோடிக் கால்களும் இறகு விசிறி மாதிரி வெளியே வந்து, ஒரு வீச்சு வீசி, உள்ளே போகும். திரும்ப வரும். உங்கள் நிழல் விழுந்தால் கதவு சாத்திக்கொள்ளும், அதனால் சூரியனைப் பார்த்தபடி உட்காருங்கள். பாத்திரத்தை நேராக இறக்காமல் லேசாகச் சாய்த்து இறக்குங்கள், இல்லாவிட்டால் அடியில் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாது.