எரியும் வீட்டைப் படம் எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் கூரைவீடு ஒன்று தீப்பற்றியபோது கைப்பேசியில் சில படங்கள் எடுத்தேன். "குடி வெந்துபோகிறது, உனக்குப் படமா?" என்று எதிர்வீட்டுப் பெரியம்மா கடிந்துகொண்டார். நான் செய்தது தவறா?

பதில்: தீயணைப்புத் துறையின் 101-ஐ அழைத்து, உள்ளே எவரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு எடுத்திருந்தால் தவறில்லை. தண்ணீர்க் குடம் கைமாறும் வரிசையில் ஓர் ஆள் குறைந்திருந்தால், பெரியம்மாவின் கோபம் நியாயமே.

1975 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு குடியிருப்பு எரிந்தபோது, இரும்பு அவசரப்படி பெயர்ந்து ஓர் இளம்பெண்ணும் குழந்தையும் விழுந்ததை பத்திரிகைப் படக்காரர் ஸ்டான்லி ஃபோர்மன் படமெடுத்தார். அந்தப் பெண் இறந்தார், குழந்தை பிழைத்தது. படத்தை வெளியிட்ட நாளிதழ்களை வாசகர்கள் கண்டித்தார்கள் என்றாலும், அவசரப்படிகளின் பாதுகாப்பு விதிகள் இறுக்கப்படுவதற்கு அதுவே தூண்டுகோலாயிற்று; மறு ஆண்டு அவருக்கு, அமெரிக்காவின் உயர்ந்த இதழியல் விருதான புலிட்சர் பரிசும் கிடைத்தது. விழுந்த இருவரும் தரையில் மோதும் கணத்தைக் காண மனமின்றி அவர் திரும்பிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

உங்கள் படங்களுள், கூரையின் ஒரு மூலை மட்டும் எரிகிற முதல் படமே மதிப்புடையது. தீ எங்கே தொடங்கியது என்பதற்கு அது சான்றாகலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும் என்பதால், மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருந்து, நிவாரணத்துக்கு மனு எழுதும் வேளையில் அக்குடும்பத்தாரிடமே கொடுங்கள். அழுகிற முகங்கள் உள்ளவற்றை, அவர்கள் கேட்டாலன்றி, எவருக்கும் காட்ட வேண்டாம்.