தூரம் கிடக்கட்டும், பெட்டியைப் பார்

ஜனவரியில் கல்லூரி தொடங்குகிறது, சென்னையிலிருந்து டொராண்டோ எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருக்கிறாய் தம்பி. நேராகப் பறந்தால் சுமார் 13,400 கி.மீ. ஆனால் நேரடி விமானம் கிடையாது. பிராங்பர்ட், லண்டன், துபாய், டெல்லி என்று எங்காவது மாறித்தான் வரவேண்டும். காத்திருப்பும் சேர்ந்தால் 22 மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் இழுக்கும். குளிர்காலத்தில் டொராண்டோ நம் ஊருக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். அதிகாலை 2 மணிக்கு மீனம்பாக்கத்தில் கிளம்பி 22 மணி நேரம் கழித்து இறங்கினாலும் இங்கே அன்றைக்கு மதியம் ஒன்றரைதான். தூரக் கணக்கு அவ்வளவுதான், விடு.

நீ கேட்காததைச் சொல்கிறேன். நாலு காசு மிச்சமாகும் என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் போடாதே. ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பாடு. தனித்தனி என்றால், விட்ட விமானத்தின் காசு போனதுதான். பெட்டியையும் நடுவில் நீயே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். வெளிநாட்டில் மாறினால், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா கேட்பார்கள். நியூயார்க் வழி மலிவு என்று மயங்கிவிடாதே, அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும்.

அப்புறம், நீ கிளம்புவது தெரிந்ததும் இங்கே டொராண்டோவில் இருக்கிற யாராவது "ஒரு சின்னப் பார்சல்தான், எடுத்து வா" என்று கேட்பார்கள். நம்மாட்களிடம் எனக்குப் பிடிக்காத குணம் இது. பத்து வருடமாக இங்கே இருக்கிறவர்களுக்கு இந்த ஊர் ஸ்கார்பரோ பகுதியின் தமிழ்க் கடைகளில் கிடைக்காத ஊறுகாயா? உன் பெட்டியில் இருப்பதற்குச் சுங்கத்தில் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

குளிர் கோட்டும் சான்றிதழ்களும் கைப்பையில் இருக்கட்டும். 2009 ஜனவரியில் நான் வந்தபோது, கனமாக இருக்கிறதே என்று கோட்டைப் பெரிய பெட்டியில் திணித்துவிட்டேன். பெட்டி வரவில்லை. படிப்பு அனுமதிக்கு ஒரு வரிசை, காணாமல் போன பெட்டிக்கு ஒரு வரிசை. ஒரு புகார்ச் சீட்டோடு அரைக்கைச் சட்டையில் வெளியே வந்தால் மைனஸ் 18. மூக்குக்குள் இருக்கிற முடி விறைக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது அதே குளிரில் வாசல் பனியை வாரிப்போட்டுவிட்டுத்தான் டீயே குடிக்கிறேன், அது வேறு.

டாக்சிக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கோட்டு இல்லாமலோ வந்தனீங்கள்?" என்றார். பின்னாலிருந்து ஒரு பழைய கோட்டை எடுத்துக் கொடுத்தார். இறங்கும்போது திருப்பிக் கொடுத்தேன். "வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார்.

பெட்டி நாலாம் நாள் வந்து சேர்ந்தது. தி.நகரில் பேரம் பேசி வாங்கிய என் கோட்டு இந்த ஊர் குளிருக்கு எடுபடவே இல்லை. மார்ச் வரைக்கும் அவர் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு அலைந்தேன்.